வெள்ளை டப்பாவின் லேபிள்

வெள்ளை டப்பாவின் மூடியில் கைவைத்தபடி கம்பவுண்டர் நிற்க, நாம் போன வாரக் கதையில் அவரை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், மனிதர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார். கை கழுவும் தொட்டியின் மேல் கண்ணாடி. கண்ணாடியில் ஐம்பத்திரண்டு வயதுக்கு அறுபது காட்டும் ஒரு முகம். மணி ஏழுதான் ஆகிறது. அதற்குள் அவருக்கு ஒரு நாள் முழுக்க உழைத்த அசதி.

டப்பாவின் மீது அவர் கையெழுத்தில் ஒரு லேபிள். 'ஈரப்பதக் களிம்பு. மருந்து எதுவும் கலக்காதது.' கீழே தேதி, கையெழுத்து. ஆஸ்பத்திரி மருந்தகத்தின் கலவை அறையில் இருபத்தாறு வருடமாக அவர் ஒட்டிய ஆயிரக்கணக்கான லேபிள்களில், பொய் சொல்லும் லேபிள் இது ஒன்றுதான்.

ஏழு வாரத்துக்கு முன்னால் நடந்தது அது. மகளுக்குப் பரீட்சை நேரம். பத்து வருடமாகக் கூடவே வளர்ந்த எக்ஸிமா, முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் கொழுந்துவிட்டு எரிந்தது. தினமும் காலையில் படுக்கை விரிப்பில் ரத்தப் பொட்டுகள். அலமாரியின் பின்னால் கிடந்த பழைய ஸ்டீராய்டு ட்யூபைப் பிதுக்கி, வெள்ளைக் களிம்பில் கலந்து, அதே பழைய லேபிளை ஒட்டிவிட்டார். ஸ்டீராய்டே கூடாது, ஊசியாலேயே குணமாக்கிக் காட்டுகிறேன் என்று அக்குபங்சர் ஊசி குத்திக்கொண்டிருந்த மனைவிக்கு அது தெரியாது. மகளுக்கும் தெரியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அதற்கப்புறம் வாரா வாரம் டப்பா காலியானது. வாரா வாரம் கலந்தார்.

"என்னங்க, உள்ளயே குடித்தனம் பண்றீங்களா? டீ ஆறுது!"

மனைவியின் குரல். தெருவில் எல்லோருக்கும் அவள் ஊசியம்மா. பதினோரு வருடமாக வீட்டின் முன்னறையில் மூன்று கட்டில் போட்டு, நடுவில் திரைச்சீலை தொங்கவிட்டு வைத்தியம் பார்க்கிறாள். முதுகுவலிக்காரர்கள் முன்வாசல் வழியாக வருவார்கள். அவளைப் பார்த்ததை வெளியே சொல்ல வெட்கப்படுகிறவர்கள் பக்கவாசல் வழியாக வருவார்கள். பக்கவாசல் கூட்டம்தான் எப்போதும் அதிகம்.

கம்பவுண்டர் சமையலறைக்கு வந்தார். மேசையில் டீக்கு அருகில் நோயாளி விவரம் எழுதும் ஒரு படிவம்.

"சாயங்காலம் நாலரைக்கு தோல் டாக்டரம்மா வர்றாங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள் ஊசியம்மா. "இடத்தையும் பாக்கணுமாம், ஆளையும் பாக்கணுமாம். திருப்தியா இருந்தா அவங்க ஆஸ்பத்திரியில வாரத்துக்கு ரெண்டு நாள் எனக்கு ஒரு ரூம். என் பேர் போட்ட கதவு. அதுக்குப் பக்கவாசலே கிடையாது, தெரியுமா?"

"ம்."

"ம்முன்னா? காலையிலேயே மூஞ்சிய ஏன் இப்படித் தொங்கப்போட்டிருக்கீங்க?"

"தூக்கம் சரியில்ல."

"தூங்காதவங்க எல்லாம் தூங்குறாங்க இந்த வீட்ல. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

அவள் சொன்னது உண்மை. ஊசி ஆரம்பித்த பன்னிரண்டு வாரத்தில் மகளின் தோல் அடங்கிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் ஒவ்வாமை அணுக்கள் பதினாலு சதவீதத்திலிருந்து எட்டுக்கு வந்திருந்தன. அந்தக் காகிதத்தைப் படிவத்தோடு ஊசியம்மா பின் செய்து வைத்திருந்தாள்.

"எதிர்ப்பு சக்தின்னா என்னன்னு கேட்டாங்கன்னா அந்த நாய்க் கதையைச் சொல்லப்போறேன். வீட்டு நாய் திருடனைப் பாத்துக் குரைக்கணும். நம்ம வீட்டு நாய் தபால்காரரைப் பாத்து, நிழலைப் பாத்து, எல்லாத்தையும் பாத்துக் குரைக்குது. ஸ்டீராய்டு அதோட வாயைக் கட்டிப்போடும். ஊசி அதைத் தட்டிக்கொடுக்கும். எப்படி?"

"டாக்டர்கிட்ட நாய்க் கதையா?"

"பின்ன? பத்து வருஷமா அவங்க எழுதிக் கொடுத்ததை வாங்கிப் பூசினோமே, அது மட்டும் என்ன கதை?" சிரித்தபடி பேனாவை எடுத்தாள். "இங்க பாருங்க. 'இக்காலத்தில் பயன்படுத்திய பிற மருந்துகள்.' ஏதுமில்லைன்னு எழுதிட்டேன். சாதாரணக் களிம்பு மட்டும்னு. அந்த டப்பாவையும் எடுத்து வைக்கச் சொன்னாங்க. உள்ள என்ன இருக்குன்னு நீங்க எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. 'உங்க வீட்டுக்காரர் லேபிள்னா நான் திருப்பிப் பாக்கவே வேண்டாம்'னு டாக்டரம்மாவே போன்ல சொன்னாங்க."

டீ புரையேறியது. கம்பவுண்டர் இருமினார். அவள் முதுகில் தட்டினாள்.

"இன்னொண்ணு. ரெண்டாவது நோயாளியா என்னையே எழுதிட்டேன்." அவள் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள். "ஒரு நாளைக்கு முப்பது தடவை கழுவி, ஸ்பிரிட் போட்டு, வெடிச்ச சுவர் மாதிரி இருந்த கை. இடது கையால வலது கைக்கு, வலது கையால இடது கைக்கு நானே குத்திக்கிட்டேன். இப்ப பாருங்க, கண்ணாடி!"

விரல் முட்டிகள் வழவழவென்று மின்னின. கம்பவுண்டர் பார்த்தார். பார்த்தாரே தவிர, அவர் மனம் டப்பாவிலேயே இருந்ததால் எதையும் யோசிக்கவில்லை. அது எவ்வளவு பெரிய தவறு என்பது அவருக்கு மூன்று மணிக்குத்தான் தெரியவரும்.

மகள் வந்தாள். பதினேழு வயதாகியும் வீட்டில் அவள் பெயர் பொடிசுதான். இன்று அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். பத்து வருடத்தில் முதல் முறை. ஊசியம்மா மகளின் முழங்கையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். வேறு யாராவது சிலையைத் துடைத்திருந்தால்கூட அவ்வளவு மெதுவாகத் தொட்டிருக்க மாட்டார்கள்.

அந்தத் தொடுகையைப் பார்த்தபின் கம்பவுண்டருக்கு வாய் திறக்கவில்லை. டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

*

கலவை அறைக்கு ஒரு சட்டம் உண்டு. லேபிள் இல்லாத டப்பா கதவைத் தாண்டக்கூடாது. கலந்தவர் ஒரு கையெழுத்து, சரிபார்த்தவர் ஒரு கையெழுத்து. சரிபார்க்கிற வேலை 'தராசு' என்று எல்லோரும் கூப்பிடும் அவருடைய சக ஊழியருடையது. அந்த அம்மாளின் கண்ணுக்கு ஒரு அரிசி எடை வித்தியாசம்கூடத் தப்பாது.

கம்பவுண்டர் பளிங்குப் பலகையில் மற்றவர்களின் களிம்புகளைக் கலந்தார். வெள்ளை மெழுகை இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து. வழக்கமாக அந்த அசைவில் அவருக்கு ஒரு நிம்மதி வரும். யாரோ தூரத்து ஊரில் வாசல் பனிக்குவியலைத் தள்ளிக்கொண்டே இருப்பதுபோல, யோசனையில்லாத ஒரு வெண்மை. இன்று கைதான் வலித்தது.

மதியம் ஒரு வெற்று லேபிளை எடுத்து வைத்தார். 'உள்ளே இருப்பது' என்ற இடத்தில் பேனா நின்றது. கிழித்தார். இன்னொன்று. அதையும் கிழித்தார்.

"என்ன சார், லேபிளுக்கு வந்த வாழ்வு! மூணாவது போகுது," என்றாள் தராசு. "பேனா எழுதலையா, கை எழுதலையா?"

"கைதான்."

அவள் தன் தராசை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வீட்டு டப்பாவா அது?"

"ஆமா."

"வீட்டு டப்பாவுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன், முன்னாடியே சொல்லிட்டேன்."

"கேக்கலையேம்மா."

"கேக்கப்போற மூஞ்சி மாதிரி இருந்துச்சு." பின் சற்றுத் தணிந்த குரலில் சொன்னாள்: "உள்ள என்ன இருக்கோ அதை எழுதுங்க சார். அதுக்கு ரெண்டாவது கையெழுத்து எதுக்கு?"

நான்காவது லேபிளை அவர் எழுதினார். களிம்பு மூன்று பங்கு, ஸ்டீராய்டு ஒரு பங்கு, மருந்தின் பெயர், வலிமை. எந்த வாரத்திலிருந்து என்பதும். கலந்தவர் என்ற இடத்தில் தன் கையெழுத்து. ஒட்டவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முதலில் மகளிடம் சொல்ல வேண்டும். அவளுடைய தோல், அவளுக்குத் தெரியாமல் அவர் பூசவைத்த மருந்து.

மூன்று மணிக்குப் பள்ளியின் எதிரே பேருந்து நிறுத்தத்தில் நின்றார். பொடிசு அவரைப் பார்த்ததும் பயந்துபோனாள்.

"என்னப்பா? அம்மாவுக்கு ஏதாவது?"

"ஒண்ணுமில்ல. நடந்தே போலாமா?"

"இந்த வெயில்லயா? உனக்கு உடம்பு சரியில்லையா?"

நடந்தார்கள். சைக்கிள் கடை தாண்டி, பூட்டிய வங்கி தாண்டி, தெருமுனைக்கு வந்தார்கள். தெருமுனையில் சுவர் நிழல் ஒன்று கிடைத்தது. அங்கே நின்று, சட்டைப் பையிலிருந்து லேபிளை எடுத்து அவளிடம் கொடுத்தார். வாயால் சொல்ல வரவில்லை. வாழ்நாள் முழுக்க லேபிளாலேயே பேசிய மனிதர்.

பொடிசு படித்தாள். முகத்தில் அவர் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை.

"இதுதானா? இது எனக்குத் தெரியுமேப்பா."

"தெரியுமா!"

"பத்து வருஷம் பூசியிருக்கேன், எனக்குத் தெரியாதா? ரெண்டாம் நாளே செவப்பு செத்துப்போச்சு. ஊசிக்கு அவ்ளோ அவசரம் கிடையாது." அவள் லேபிளைத் திருப்பிக் கொடுத்தாள். "அன்னைக்கே நிறுத்திட்டேன். பூசினது மொத்தமே ரெண்டு நாள்தான். அப்புறம் தனியா வாசலின் வாங்கி வெச்சுக்கிட்டேன். சொன்னா நீயும் அம்மாவும் சண்டை போடுவீங்க. எனக்கு அப்ப கேக்கத் தெம்பு இல்ல."

கம்பவுண்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். ஏழு வாரமாகத் தலையில் சுமந்த மூட்டையை யாரோ திறந்து, உள்ளே வெறும் காற்று என்று காட்டியது போல இருந்தது.

"அப்ப குணமானது ஊசியாலதானா?"

"தெரியலப்பா. ஊசியா, பரீட்சை முடிஞ்சதா, நீச்சல் குளத்துக்குப் போறதை விட்டதா, யார் கண்டா? ஆனா ஊசியோட படுத்திருக்கிற அந்த அரை மணி நேரம் எனக்குப் பிடிக்கும். யாரும் 'சொறியாதே'ன்னு சொல்ல மாட்டாங்க. கையை அசைக்கவே முடியாதே, எங்க சொறியறது?" சிரித்தாள்.

அவரும் சிரிக்கப் போனார். பாதியில் நின்றது.

"நீ பூசலைன்னா டப்பா எப்படிக் காலியாச்சு?"

"எனக்குப் பிசுபிசுன்னு இருக்குன்னு சொல்லி, கை கழுவுற இடத்துல வெச்சிட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவளின் குரல் தேய்ந்தது. "அப்பா."

முப்பது தடவை கழுவுகிற கை. கண்ணாடி மாதிரி மின்னிய விரல் முட்டிகள். படிவத்தில் இரண்டாவது நோயாளி.

"அய்யோ," என்றாள் பொடிசு. "அம்மா."

*

தோல் டாக்டரம்மா சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். இவர்கள் வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் முன்னறையில் ஊசித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரிக்காத ஊசிப் பொட்டலங்கள், பயன்படுத்திய ஊசிகளைப் போடும் மஞ்சள் பெட்டி, துவைத்து மடித்த விரிப்புகள்.

"சுத்தமா இருக்கு," என்றார். பாராட்டா, வெறும் தகவலா என்று சொல்ல முடியாத குரல். காலையிலிருந்து நூறு பேர் தோலைப் பார்த்த களைப்பு அவர் கண்களிலும் இருந்தது.

பொடிசின் கழுத்தை, முழங்கை மடிப்பை, முழங்காலின் பின்பக்கத்தை விளக்கு வைத்துப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் படித்தார்.

"குறைஞ்சிருக்கு. ஒரே ஆளை வெச்சு இதுதான் காரணம்னு சொல்லிட முடியாது. இருந்தாலும் குறைஞ்சிருக்கு."

"ஒரே ஆள் இல்ல டாக்டர்," என்று ஊசியம்மா தன் கைகளை விளக்கின் கீழ் நீட்டினாள். பதினோரு வருடப் பெருமை முழுவதும் அந்தப் பத்து விரல்களில் இருந்தது.

டாக்டரம்மா ஒரு விரல் முட்டியின் தோலை மெல்லக் கிள்ளிப் பார்த்தார். மறுபடி கிள்ளினார். தோல் வழக்கத்தைவிட மெலிந்திருந்தது. புருவம் சுருங்கியது. "கைக்கு என்ன போடறீங்க?"

"ஒண்ணுமில்லையே. இவர் கலக்குற சாதாரணக் களிம்புதான். ஏங்க, டப்பாவைக் கொண்டுவந்தீங்களா?"

கம்பவுண்டர் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். எல்லோருக்கும் முன்னால், நகத்தால் பழைய லேபிளைச் சுரண்டி உரித்தார். அது லேசில் வரவில்லை. ஒரு மூலை ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தது. அந்தச் சுரண்டல் சத்தம் அவர் காதுக்கே தாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்த புதியதை அந்த இடத்தில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தி, மனைவியின் முன்னால் வைத்தார்.

ஊசியம்மா படித்தாள். ஒரு முறை. பின் தன் கைகளைப் பார்த்தாள். பின் மறுபடி படித்தாள்.

"பொடிசு?" என்றாள், கணவனைப் பார்க்காமல்.

"நான் ரெண்டு நாள்தாம்மா. அஞ்சாவது வாரத்துல. அதுக்கப்புறம் தொடல, வாசலின்தான்."

"ரெண்டு நாள்னாலும் படிவத்துல எழுதணும்," என்றார் டாக்டரம்மா.

ஊசியம்மா பேனாவை எடுத்தாள். 'ஏதுமில்லை' என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே உண்மையை எழுதினாள். அப்புறம் இரண்டாவது நோயாளியின் பக்கத்தை, தன் பக்கத்தை, மேலிருந்து கீழ்வரை கோடிழுத்தாள். கோடு நேராக விழுந்தது. மயிரிழை ஊசி பிடித்துப் பழகிய கை.

"மன்னிச்சிடுங்க டாக்டர். ரூம் வேற யாருக்காவது குடுத்திடுங்க."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்தார். "தினமும் எத்தனை பேர் என்கிட்ட பொய் சொல்றாங்க தெரியுமா? ட்யூபைக் கையில வெச்சுக்கிட்டே பூசலைன்னு சொல்வாங்க. உங்க வீட்ல எழுதியாவது ஒட்டறாங்க." எழுந்தார். "நாலு வாரம். பொண்ணுக்கு ஊசி மட்டும். கூட அவளோட வாசலின், அதுவும் பிரிக்காத ட்யூப். அப்புறம் மறுபடி ரத்தம் எடுப்போம். என்ன வருதோ, அதை வெச்சு ரூமைப் பத்திப் பேசலாம். உங்க கைக்குத் தனியா என்கிட்ட வாங்க. திடீர்னு நிறுத்தினா முன்ன இருந்ததைவிட மோசமா கிளம்பும், தெரியுமில்ல?"

"தெரியும்," என்றாள் ஊசியம்மா. "எதிர்ப்பு சக்தியைப் பத்தி ஒரு கதை வெச்சிருந்தேன் டாக்டர். இன்னொரு நாள் சொல்றேன்."

கார் கிளம்பும் சத்தம் ஓய்ந்தது. ஊசியம்மா கட்டில் ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்தாள். கம்பவுண்டர் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தார். நடுவில் திரைச்சீலை பாதி இழுத்தபடி தொங்கியது.

"கத்தலாம்னு பாத்தேன்," என்றாள் அவள் கடைசியில். "அதுக்குக்கூடத் தெம்பில்ல."

"கத்தும்மா. நான் உக்காந்திருக்கேன்."

"லேபிள்ல எல்லாம் எழுதியிருந்தீங்க. எவ்வளவு, எப்பலேருந்து, எல்லாம். ஏன்னு மட்டும் எழுதல."

"அந்த விரிப்பை நான்தானே துவைச்சேன்," என்றார். "ரத்தம் போகவே இல்ல."

ஊசியம்மா எழுந்து, டப்பாவை எடுத்து, மூடியை இறுக்கி, அலமாரியின் மேல்தட்டில் லேபிள் வெளியே தெரியும்படி வைத்தாள். "நாலு வாரம் என் கையை நீங்கதான் தினமும் படம் எடுக்கணும். வெடிச்சாலும் சரி, ரத்தம் வந்தாலும் சரி. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

அது மன்னிப்பா, வேலையா என்று கம்பவுண்டருக்குப் புரியவில்லை. அவரால் செய்ய முடிந்த ஒன்று என்பது மட்டும் புரிந்தது.

அப்போதுதான் பொடிசு உள்ளறையிலிருந்து வந்தாள். அரைக்கைச் சட்டையை மாற்றி, முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். மணிக்கட்டு வரை பொத்தான்.

கம்பவுண்டர் அவளைப் பார்த்தார். அவளுடைய வலது கை, இடது முழங்கையைச் சட்டைக்கு மேலாகவே அழுத்திக்கொண்டிருந்தது. தேய்க்கவில்லை. சும்மா அழுத்தம். பத்து வருடமாக அவருக்குத் தெரிந்த அழுத்தம்.

"இப்பதாம்ப்பா ஆரம்பிச்சுது," என்றாள் கிசுகிசுப்பாக. "வெயில்ல நடந்தோமே, வேர்வையா இருக்கும். அம்மாகிட்ட சொல்லாத. இன்னைக்கு வேணாம், ப்ளீஸ்."

உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம். அது நிற்பதற்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், இன்றைய நாள் இத்தோடு முடிந்துவிடும். எவ்வளவு சுலபம். ஏழு வாரத்துக்கு முன்னால் அவ்வளவு சுலபமாகத்தான் இருந்தது.

தண்ணீர் நின்றது.

"ஏம்மா," என்று கூப்பிட்டார் கம்பவுண்டர். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "இங்க கொஞ்சம் வா. இவ கையைப் பாரு."

ஈரக் கையைத் துடைக்காமலேயே ஊசியம்மா வாசலில் வந்து நின்றாள். பொடிசு அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பின் மெதுவாக மணிக்கட்டின் முதல் பொத்தானைக் கழற்றினாள்.